ஏலும்

இந்தப் பியானோ எத்தினையாந்தரம் முதலில இருந்து துடங்குது எண்டு எண்ணிக்கொண்டு இருந்தனான், பதினேழுக்குப் பிறகு விட்டிட்டன். போனைச் சீனிப்போத்தலில சாய்ச்சு, சத்தத்தைக் கூட்டி வைச்சிருக்கிறன். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா மெசின் பொம்பிளை ஒருத்தி வந்து, காத்திருக்கிறதுக்கு நன்றி எண்டு சொல்லிப்போட்டுப் போறாள். என்ன நன்றி, நான் என்ன விரும்பியோ குந்திக்கொண்டிருக்கிறன். மணி ரெண்டரை. மூண்டேகாலுக்கு வான் வரும், மகன் துவாரகன் அதில வந்து இறங்குவான். அதுக்கிடையில அந்த அரசாங்கக் கந்தோரில ஆராவது ஒராள் போனைத் தூக்கினால் போதும். அவன் வந்தாப் பிறகு தூக்கினால் எனக்குக் கதைக்க ஏலாது, அவன்ர காது கேக்க அந்தச் சொல்லை நான் எப்பிடி, பார், இப்பவே வந்திட்டுது, நினைக்கேக்கயே வாய்க்குள்ள வந்து நிக்குது. ஏலாது. இருபத்தாறு வருசமா இந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் சொல்லாத சொல். சரிவராது எண்டுவம், பிறகு பாப்பம் எண்டுவம், முடியாது எண்டு இந்தியாக்காரர் மாதிரியும் சொல்லுவம், அவர் இருக்கேக்க அவரும் அப்பிடித்தான், கால் வீங்கி ஆசுப்பத்திரியில கிடந்த மனுசன் கூட நேர்சிட்ட "நோ குட்" எண்டுதான் சொன்னவர். இண்டைக்கு நான் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேணும். அதுக்காகத்தான் நாப்பது நிமிசமா இந்தக் கதிரையில இருக்கிறன். தேத்தண்ணியில ஆடை படிஞ்சிட்டுது, அது காலமை ஊத்தினது.

கடிதம் ஒன்பதரைக்கு வந்தது. தடிச்ச கடிதம். தடிச்சிருந்தால் நல்ல செய்தி எண்டு நினைச்சனான், விசரி. ஒரு சொல்லோட முடியிற "இல்லை" எண்டதை எழுத ஆருக்கு இவ்வளவு கடுதாசி வேணும். எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியும், பேக்கரியில பதினெட்டு வருசம் லேபிள் வாசிச்ச இங்கிலிஸ். முதல் பந்தியிலயே கவலையோட அறியத்தருகிறோம் எண்டு கிடந்தது, ஆனாலும் எங்கயோ பிழையா விளங்கிக்கொண்டன் எண்டு நினைச்சு எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து பேர்த்தில இருக்கிற மகளுக்கு அனுப்பினன். தர்சிகா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவள். நிண்ட நிலையில வாசிச்சு வாசிச்சுத் தமிழில சொன்னாள். விசேட வீட்டுக்கான நிதிக்குத் தம்பி தகுதியில்லையாம். குளிக்க அவருக்கு ஏலும் எண்டு தாயார் சொன்னவவாம். உடுக்க ஏலும் எண்டு தாயார் சொன்னவவாம். சாப்பிட ஏலும் எண்டு தாயார் சொன்னவவாம். வீட்டில ஒரு சேதமும் காணயில்லையாம். ஒவ்வொரு வரியிலயும் தாயார், தாயார், ஆரந்தத் தாயார் எண்டு எனக்குக் கோவம் வந்திட்டுது. இவங்கள் பொய் எழுதியிருக்கிறாங்கள் பிள்ளை, இதுக்கு ஒரு லோயரைப் பிடிக்கவேணும் எண்டன். தர்சிகா அந்தப் பக்கத்தை இன்னொருக்கா வாசிச்சாள். பிறகு ஆறுதலா, "அம்மா, அவை ஒண்டும் தங்கட பாட்டில எழுதயில்லை. இதெல்லாம் நீங்கள் சொன்னது" எண்டாள். அவளுக்கு பஸ் வந்திட்டுது. பொய் எழுதியிருந்தால் சண்டை பிடிக்கலாம், இது என்ர வாயாலயே வந்த கதை, இதோட ஆர் சண்டை பிடிக்கிறது.

பதினெட்டாந்தரமோ பத்தொன்பதாந்தரமோ பியானோ துடங்கிட்டுது. துவாரகனுக்கு அப்ப மூண்டு வயசு. பிறந்தநாள் கொண்டாட்டம் ஒண்டு, ஒரு மண்டபத்தில, ஆருடையது எண்டும் ஞாபகமில்லை, அந்தச் சேலைதான் ஞாபகம், வாடாமல்லிக் கலர். சாப்பாட்டுக் கோப்பையோட வரிசையில நிக்கிறன், எனக்கு முன்னால நிக்கிற அந்தச் சேலை பக்கத்து ஆளிட்டச் சொல்லுது, பாவம் லோஜினி, மூத்தது நல்ல கெட்டிக்காரி, ரெண்டாவது ஏலாத பிள்ளை. கெட்ட மனசோட சொன்ன சொல் இல்லை அது. ஊரில எல்லாருக்கும் வாயில வாற சொல்தான், கால் இல்லாதவருக்கும் ஏலாது, காய்ச்சல்காரனுக்கும் ஏலாது, வேலைக்குப் போகப் பஞ்சிப்படுறவனுக்கும் ஏலாது. ஆனா என்ர குஞ்சைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்ட எனக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. கோப்பையை மேசையில வைச்சிட்டுச் சாப்பிடாமல் வந்திட்டன். அடுத்த நாள் காலமையே பள்ளிக்கூடத்தைத் துடங்கினன். ஒரு பிஸ்கட்டை ரெண்டா முறிச்சுக் கையில வைச்சுக்கொண்டு, குஞ்சு, ஏலுமோ, எண்டு கேப்பன். ஏலும் எண்டு சொன்னால் பாதி பிஸ்கட். பதினொரு மாதம். பேச்சுப் பழக்கிற வெள்ளைக்காரி தண்ணி, அம்மா, வேணும் எண்டதுகளைப் பழக்கச் சொல்லி எழுதித் தந்தவள், நான் அவளின்ர கடுதாசியை மடிச்சு வைச்சிட்டு இதைத்தான் பழக்கினன். ஒருநாள் சொன்னான். ஏ-லும். கையை நீட்டினான். அவர் வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முதலே வாசலுக்கு ஓடிச் சொன்னன். அழுதனாங்கள் ரெண்டு பேரும். இப்ப அவனுக்கு இருபத்தொன்பது. அந்த ஒரு சொல்தான் இருக்கு. வேற ஒண்டும் வரயில்லை, தண்ணியும் வரயில்லை, அம்மாவும் வரயில்லை. அதை ஒருநாளும் ஒரு குறையா நான் நினைச்சதில்லை, சத்தியமா இண்டைக்குக் காலமை வரைக்கும் நினைச்சதில்லை.

கந்தோரில இருந்து எங்களை விசாரிக்க ஒரு பிள்ளை வந்தது ஏப்ரலில. ரெபெக்கா எண்டு பேர், மூக்கில சின்ன வளையம், கையில கணினி. மொழிபெயர்க்க மெட்ராஸ் பக்கத்துப் பொம்பிளை ஒருத்தி கூட வந்தவ. வீட்டுக்கு ஆக்கள் வரீனம் எண்டால் வீடு எப்பிடி இருக்கவேணும், மூண்டு நாள் துப்பரவாக்கினன். நிலம் துடைச்சு, யன்னல் சீலை மாத்தி, காலமை எழும்பி வடை சுட்டு, துவாரகனைக் குளிப்பாட்டி, சவரம் எடுத்து, கோயிலுக்குப் போற நீலச் சேட்டைப் போட்டுத் தலை இழுத்து, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்க வாற மாதிரி. சுவரில ஓட்டை இருந்தது. ஒண்டில்லை. இஞ்சத்தைச் சுவர் என்ன சுவரே, மட்டைக்குப் பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள், அவனுக்குச் சத்தம் பிடிக்காட்டில் முழங்காலில இருந்து நெத்தியால இடிப்பான், மூண்டாவது இடிக்குச் சுவர் உள்ளுக்குப் போயிடும், நாலாவது இடிக்கு நான் என்ர உள்ளங்கையைக் கொண்டுபோய் வைச்சிடுவன். சின்ன ஓட்டைகளை மா மாதிரி ஒரு பசை விக்கிறாங்கள், அதால பூசினன். பெரியது அடைபடயில்லை. அதுக்கு மேல கோயில் கலண்டரை ரேப் போட்டு ஒட்டினன். கலண்டரை ஆராவது நிலத்தில இருந்து ரெண்டடி உயரத்தில தொங்கவிடுவினமோ. அந்தப் பிள்ளை அதுக்குப் பக்கத்தில இருந்துதான் வடை சாப்பிட்டது, குனிஞ்சு பாத்து, வடிவான படம் எண்டும் சொன்னது. எனக்குப் பெருமை. அந்த நேரம் எனக்கு உள்ளுக்குப் பெருமைதான் வந்தது. பிறகு கேள்வி. குளிக்க முடியுமாங்க எண்டு மெட்ராஸ்காரி கேப்பா, நான் ஏலும் எண்டுவன். அவ ஒருக்கா முழிச்சுப்போட்டு, முடியும்ங்கிறாங்க எண்டு தனக்கே சொல்லிப்போட்டு இங்கிலிசில சொல்லுவா. ஏலும்தான். நான் சோப்பை அவன்ர கையில வைச்சு, அந்தக் கைக்கு மேல என்ர கையை வைச்சுத் தேய்ச்சால் குளிப்பான். சேட்டுக்குள்ள என்ர கையை முதல் விட்டு அவன்ர கையைப் பிடிச்சு இழுத்தால் உடுப்பான். எல்லா ஏலுமுக்கு மேலயும் என்ர கை இருந்தது. அதை நான் சொல்லயில்லை, அவையும் கேக்கயில்லை. பிள்ளையைப் பற்றி அந்நிய ஆக்களுக்கு முன்னால, அதுவும் பிள்ளை நீலச் சேட்டோட பக்கத்தில இருக்கேக்க, குறை சொல்லுற தாயை நான் கண்டதில்லை. முப்பத்தொரு கேள்வி. முப்பத்தொண்டுக்கும் ஏலும்.

இல்லை, அந்தப் பன்னிரண்டாவது கேள்வியை இப்ப நினைக்கமாட்டன். வேற ஒண்டை நினைப்பம். டூங்காபியில அந்த வீடு, அதை நினைப்பம். இஞ்சயிருந்து காரில எட்டு நிமிசம். அரசாங்கத்தின்ர உதவித் திட்டத்துக்கெண்டு கட்டின வீடு, நாலு பேருக்கு நாலு அறை, இரவு பகலா ரெண்டு ஆக்கள் முழிச்சு நிப்பினம். மூண்டு அறைக்கு ஆக்கள் வந்திட்டினம், நாலாவது அறை கிழக்குப் பக்கம், யன்னலால ஒரு எலுமிச்சை மரம் தெரியும். பொறுப்பா இருக்கிற மனுசி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவ. நான் அவவுக்குத் தெரியாமல் சுவரை விரலால தட்டிப் பாத்தன். எங்கட வீட்டுச் சுவர் டொங்கு டொங்கெண்டும், உள்ளுக்கு வெறும் காத்து. அது சத்தமே போடயில்லை. கல்லு மாதிரி நிண்டுது, ஆனா மேல ஏதோ மெத்தெண்ட பூச்சு. இடிச்சால் சுவருக்கும் ஒண்டும் வராது, நெத்திக்கும் ஒண்டும் வராது. ஐயோ, அந்தச் சுவரில கையை வைச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த அறையை வைச்சிருக்கிறன், அதுக்குப் பிறகு வேற ஆளுக்குக் குடுக்கவேணும் எண்டு அவ போன கிழமை சொன்னவ. இண்டைக்குப் புதன். உதவிக்கு ஆள் அனுப்ப அரசாங்கம் எத்தினையோ பேருக்குக் காசு குடுக்குது, வீட்டுக்குக் குடுக்கிறது ஆகலும் கொஞ்சப் பேருக்கு. அந்தக் கந்தோர் தந்த தமிழ்க் கடுதாசியில கொட்டை எழுத்தில போட்டிருக்கு: ஆகக் கடுமையான இயலாமை உள்ளவர்களுக்கு மாத்திரம். இயலாமை. ஏலாமைதானே, நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நிக்குது. அந்தக் கடுதாசி மார்ச் மாதம் முழுக்க குளிர்பெட்டிக் கதவில ஒட்டியிருந்தது. பால் எடுக்கப் போன நேரமெல்லாம் பாத்தனான். வீட்டைத் திறக்கிற திறப்பு எந்தச் சொல்லுக்குள்ள இருக்கு எண்டு கண்ணுக்கு முன்னால எழுதி வைச்சிருந்தும், அந்தப் பிள்ளை வந்த அண்டைக்கு, வீடு வடிவா இருக்கவேணும் எண்டு அதையும் கழட்டி மேசை லாச்சிக்குள்ள வைச்சிட்டன்.

மூண்டு மணி. பியானோ திடீரெண்டு நிண்டுது, நான் பாய்ஞ்சு போனைத் தூக்கினால், மெசின் பொம்பிளைதான், நன்றி. பன்னிரண்டாவது கேள்வி திரும்பவும் வந்து நிக்குது. சரி வா. வந்தால்தான் போவாய். பெப்ரவரியில, ஒரு சனிக்கிழமை பத்து மணி இருக்கும், இந்தக் குசினியில, இப்ப கதிரைக் கால் இருக்கிற இடத்தில, எனக்குத் தலை சுத்தினது. விழுந்தது ஞாபகமில்லை. கண் முழிச்சால் கன்னம் நிலத்தில, கால் ரெண்டும் என்னுடையது இல்லாத மாதிரிக் கிடக்குது, போன் மேசைக்கு மேல. எட்ட ஏலாது, பார், அது நல்லாச் சொல்ல வருது, எனக்கெண்டால் வருது. துவாரகன் வந்தான். வெறுங்கால் ரெண்டும் முதல் தெரிஞ்சுது, பெருவிரல் நகம் வெட்டவேணும் எண்டு நினைச்சன், அந்த நேரத்திலயும். குஞ்சு, போனை எடுங்கோ, மேசையில, அம்மாவுக்குத் தாங்கோ எண்டன். நிண்டான். கத்தினன். கதவைத் திறவுங்கோ, வெளியால போங்கோ, பக்கத்து வீட்டு அன்ரியிட்டப் போங்கோ எண்டன். பக்கத்தில குந்தினான். என்ர முகத்தை வடிவாப் பாத்தான். அவனுக்கும் பயம், உதடு நடுங்கினது, நான் கண்டனான். பிறகு, ஏதோ செய்யவேணும் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, தனக்குத் தெரிஞ்ச ஒண்டை எடுத்துச் செய்தான். "ஏலும்" எண்டு சொல்லி எனக்கு முன்னால கையை நீட்டினான். ஏலும். ஏலும். நாப்பது நிமிசம். பிறகு எனக்குத் தன்பாட்டில கால் வந்துது, மேசைக்காலைப் பிடிச்சு எழும்பி அவனுக்குப் பிஸ்கட் குடுத்தன். அடுத்த திங்கள்தான் இந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டனான். அந்த நாப்பது நிமிசத்துக்காகத்தான் போட்டனான், வேற ஒண்டுக்காகவும் இல்லை. அப்ப ஏப்ரலில மெட்ராஸ்காரி, ஒரு அவசரம்னா அவரால யாரையாவது கூப்பிட முடியுமாங்க எண்டு கேட்டா. துவாரகன் நீலச் சேட்டோட என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தான். நான் ஏலும் எண்டன். ஒரு மூச்சுக் கூட யோசிக்கயில்லை. விழுந்து கிடந்தவள் நான், ஏலும் எண்டு சொன்னவளும் நான். இண்டைக்குக் காலமை தர்சிகா அந்த வரியை வாசிக்கும் வரைக்கும் அப்பிடி ஒரு கேள்வி கேட்டதே எனக்கு ஞாபகத்தில இல்லை. எந்தப் பேய் என்ர வாய்க்குள்ள இருந்து கதைச்சது.

வெளியால வான் பின்னுக்கு எடுக்கிற சத்தம். பத்து நிமிசம் முந்தி வந்திட்டாங்கள், இவ்வளவு வருசத்தில ஒருநாள் முந்தி வந்திருப்பாங்களோ, இண்டைக்குத்தான். போனை வைக்கலாம். நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு வியாழன், நாளைக்கும் இதே பியானோ, நாளைக்கும் இதே வான். போய்க் கதவைத் திறந்தன், டிரைவர் கை காட்டினான், துவாரகன் பையை என்னிட்டத் தந்திட்டு நேர குசினிக்கு நடந்தான், அவனுக்குப் பிஸ்கட் ரின் இருக்கிற இடம் தெரியும். பியானோ நிண்டுது. ஒரு பொம்பிளைக் குரல், இந்தமுறை மெசின் இல்லை, எனக்கு எப்பிடிச் சுகம் எண்டு கேட்டுது. ஃபைன், தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டன். கடவுளே, வாயைத் திறந்து முதல் சொன்னதே அதுதான். தமிழ் எண்டன். இன்னும் கொஞ்சம் பியானோ, பிறகு மொழிபெயர்க்க ஒரு ஆம்பிளைக் குரல், இந்தியாத் தமிழ், மரியாதையான பொடியன், வணக்கம்மா எண்டான். முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கிறன், அறிக்கையில இருக்கிறது பிழை எண்டன். எந்த இடம் பிழை எண்டு அந்தப் பொம்பிளை கேட்டா, ஒவ்வொண்டா வாசிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ எண்டா. துவாரகன் கதவு நிலையில சாய்ஞ்சு நிக்கிறான். போ குஞ்சு, ரீவியைப் பாருங்கோ எண்டு கையைக் காட்டினன். போகயில்லை.

"அவரால தானா குளிக்க முடியுமான்னு கேக்குறாங்கம்மா."

அவனைப் பாக்காமல் சீனிப்போத்தலைப் பாத்துக்கொண்டு சொன்னன்.

"ஏலாது."

"ஏலும்" எண்டுது எனக்குப் பின்னால.

உடுக்க முடியுமா. ஏலாது. ஏலும். சாப்பிட முடியுமா. ஏலாது. ஏலும், இந்தமுறை பலமா, சந்தோசமா, ஒரு அடி கிட்ட வந்து. பாடத்தைப் பழக்கினவளுக்குப் பாடம் மறந்துபோச்சுது எண்டு நினைச்சிருப்பான், எனக்கு எடுத்துக் குடுக்கிறான். அந்தப் பக்கம் மொழிபெயர்க்கிற பொடியன் நிப்பாட்டிட்டான்.

"அம்மா, பக்கத்துல ஒருத்தர் பேசுறது கேக்குது. காதுல விழுற எல்லாத்தையும் நான் அவங்களுக்குச் சொல்லியாகணும், அதான் விதி. ஏலும்னா முடியும்னுதானே அர்த்தம்?"

"ஓம் தம்பி. முடியும் எண்டுதான் அர்த்தம்" எண்டன். "அது என்ர மகன். அவனுக்குத் தெரிஞ்ச சொல் அது ஒண்டுதான். பசிச்சாலும் ஏலும், நொந்தாலும் ஏலும். நான் விழுந்து கிடந்த நேரமும் ஏலும் எண்டுதான் சொன்னவன். நான்தான் பழக்கினது. அவன் சொன்னதையும் சொல்லுங்கோ, நான் சொல்லுறதையும் சொல்லுங்கோ. ரெண்டையும் எழுதச் சொல்லுங்கோ."

அந்தப் பொடியன் ஆறுதலா, நீளமா, இங்கிலிசில சொன்னான். அந்தப் பொம்பிளையின்ர விரல் கணினியில விழுகிற சத்தம் கேட்டுது, கன நேரம் கேட்டுது, நான் ஒவ்வொரு தட்டுக்கும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பிறகு பதினோராவது கேள்வி வரைக்கும் அப்பிடியே போச்சுது.

"அடுத்த கேள்விம்மா. ஒரு அவசரம்னா அவரால யாரையாவது கூப்பிட முடியுமா?"

திரும்பி அவன்ர முகத்தைப் பாத்தன். சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறான்.

"ஏலாது" எண்டன்.

"ஏலும்" எண்டு சொல்லித் துவாரகன் கையை நீட்டினான். நான் ரின்னைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை ரெண்டா முறிச்சு, பாதியை அந்தக் கையில வைச்சன்.